கன்சாஸ் கிராமப்புறம்: எதற்கெல்லாம் ஷெரிஃப் அலுவலகத்தை அழைக்கலாம்?

கீழைக்காற்று எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கன்சாஸ் மாநிலத்தின் மன்ஹாட்டன் நகரில் சில ஆண்டுகள் வாழ்ந்த நாங்கள், அண்மையில் பக்கத்துக் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஒன்றில், ஊர் எல்லைக்கு வெளியே மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவில் வீடு வாங்கிக் குடிவந்திருக்கிறோம். மன்ஹாட்டன் இருக்கும் ரைலி கவுண்டியில் ஷெரிஃப், அதாவது கவுண்டியின் காவல் தலைவர், என்ற பதவியே கிடையாது; 1974 முதல் நகரத்துக்கும் கவுண்டிக்கும் சேர்த்து ஒரே காவல் துறைதான் இயங்கிவருகிறது. அதனால் ஷெரிஃப் அலுவலகத்தின் நடைமுறை எங்களுக்குப் பழக்கமில்லை. இங்கே எதைக் கேட்டாலும் அக்கம்பக்கத்தார் "ஷெரிஃப் ஆபீசுக்குச் சொல்லிவிடுங்கள்" என்கிறார்கள். சாலையில் மாடு நின்றாலும் அதே பதில், தொலைவில் புகை எழுந்தாலும் அதே பதில், தனியாக வாழும் முதியவர் இரண்டு நாளாகக் கண்ணில் படவில்லை என்றாலும் அதே பதில்.

காவல் நிலையப் படியை மிதிக்காமல் வாழ்வதே மரியாதை என்று எண்ணும் குடும்பத்தில் வளர்ந்த எனக்கு, இவ்வளவு சிறிய காரியங்களுக்குச் சீருடை அணிந்தவர்களை அழைப்பது முறைதானா என்ற தயக்கம் இருக்கிறது. எதற்கு 911 என்ற அவசர எண், எதற்கு அலுவலகத்தின் சாதாரண எண், எதை அவர்கள் தங்கள் வேலையில்லை என்று சொல்வார்கள் என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். வரும் மார்ச்சில் என் பெற்றோர் மதுரையிலிருந்து வருகிறார்கள். பகல் முழுவதும் அவர்கள் மட்டுமே வீட்டில் இருப்பார்கள் என்பதால் இதை இப்போதே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

இரவுப்பணி எழுதியது:

வணக்கம் தம்பி. கன்சாஸின் இன்னொரு சிறிய கவுண்டியில், ஷெரிஃப் அலுவலகத்தின் டிஸ்பாட்ச் மேசையில், அதாவது அழைப்புகளை ஏற்று உதவியை அனுப்பும் இடத்தில், நான் பணியாற்றுகிறேன். உங்கள் தயக்கம் எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனால் இங்கே அந்த மேசை காவலுக்கு மட்டும் உரியதன்று என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். கவுண்டியின் ஆம்புலன்ஸ், தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள், சாலையில் மரம் விழுந்தால் இரவில் எழுப்ப வேண்டிய சாலைப் பணியாளர் என எல்லோருக்கும் போகும் தகவல் எங்களைப் போன்றவர்களின் கை வழியாகவே போகிறது. பல கவுண்டிகளில் இரவு முழுதும் விளக்கு எரியும் ஒரே அரசு அலுவலகம் இதுதான். ஆகவே உங்கள் அக்கம்பக்கத்தார் சொன்னதில் தவறில்லை. எங்களுக்கு வரும் அழைப்புகளில் பெரும்பகுதி குற்றத்தைப் பற்றியவை அல்ல.

மாடுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு அடிக்கடி நேரப்போவது அதுதான். ஃபிளின்ட் ஹில்ஸ் என்ற நம் கன்சாஸ் குன்றுப் பகுதியில் மண் மெல்லியது, அடியில் முழுக்கச் சக்கிமுக்கிக் கல் கலந்த சுண்ணாம்புப் பாறை. ஏர் இறங்காததாலேயே இந்த உயர்புல் வெளி உழப்படாமல் தப்பி, மேய்ச்சல் நிலமாக நிலைத்தது. வசந்தத்தில் டெக்சாஸ் முதலிய இடங்களிலிருந்து இளம் மாடுகளை லாரிகளில் கொண்டுவந்து விடுவார்கள். அவற்றில் பலவற்றை ஜூலை நடுவிலேயே ஏற்றிச் சென்றுவிடுவார்கள். மாட்டின் உரிமையாளர் வேறு மாநிலத்தில் இருக்கலாம், நிலத்தின் உரிமையாளர் நகரத்தில் இருக்கலாம், பார்த்துக்கொள்பவர் மட்டும் உள்ளூர்க்காரராக இருப்பார். எந்தப் புல்வெளியை யார் கவனிக்கிறார் என்ற விவரம் டிஸ்பாட்ச் மேசையில்தான் இருக்கும், அதுவும் பாதி தாளில், மீதி மூத்த பணியாளரின் நினைவில். எனவே அழைக்கும்போது எத்தனை மாடுகள், என்ன நிறம், காதுப் பட்டையின் நிறமும் எண்ணும் தெரிகின்றனவா, சாலையின் எந்தப் பக்கம் நிற்கின்றன, எந்த வாயில் திறந்து கிடக்கிறது என்று சொன்னால், யாரை எழுப்ப வேண்டும் என்று எங்களால் விரைவில் கண்டுபிடிக்க முடியும். டெபுடி (ஷெரிஃபின் கீழ்ப் பணிபுரியும் காவலர்) வந்து விளக்கைச் சுழலவிட்டுப் போக்குவரத்தை நிறுத்துவார். மாட்டைத் திரும்ப ஓட்டுவது பெரும்பாலும் அதைப் பார்த்துக்கொள்பவரின் வேலை. கால்நடையைத் திரியவிடுவது கன்சாஸ் சட்டப்படி குற்றம். அறிவித்த பிறகும் உரிமையாளர் பிடித்துச் செல்லாவிட்டால் ஷெரிஃபே அதைப் பிடித்து அடைத்துவைக்கலாம்.

மாடு உங்கள் தோட்டத்தில் மேய்ந்தால் பத்து இலக்கச் சாதாரண எண் போதும். தார்ச்சாலையிலோ நெடுஞ்சாலையிலோ நின்றால் தயங்காமல் 911 அழையுங்கள். இரவில் கறுப்பு ஆங்கஸ் மாடு நின்றால், விளக்கொளி அதன் மேல் படும்போது வண்டியை நிறுத்த நேரம் இருப்பதில்லை. அந்த அழைப்பு ஓர் உயிரைக் காக்கும் அழைப்பு. அதைச் சின்னக் காரியம் என்று ஒருபோதும் எண்ண வேண்டாம்.

அடுத்து, புகை. உங்கள் பெற்றோர் வரும் மார்ச் மாதமும் அடுத்து வரும் ஏப்ரலும் மேய்ச்சல் நிலங்களைக் கொளுத்தும் காலம். பழைய புல்லை எரித்துப் புதுப்புல்லுக்கு வழிசெய்வதும் மரங்கள் பரவாமல் தடுப்பதும் அதன் நோக்கம். வானம் முழுவதும் புகையாகவும், இரவில் குன்றுகளின் விளிம்பில் நெருப்புக் கோடாகவும் தெரியும். கொளுத்துபவர் முன்கூட்டியே எங்களை அழைத்து இடம், பெயர், தொலைபேசி எண், தொடங்கும் நேரம் ஆகியவற்றைப் பதிவுசெய்வார். காற்று மிகுந்த நாளாக இருந்தால் அனுமதி இல்லை என்று நாங்கள் சொல்வதும் உண்டு. அதனால் புகையைக் கண்டு நீங்கள் சாதாரண எண்ணில் கேட்டால், பட்டியலைப் பார்த்து ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவோம். தீயின் அருகில் ஆள் ஒருவரும் இல்லை என்றாலோ, தீ வீட்டையோ சாலையையோ நோக்கி வருகிறது என்றாலோ அது 911. நீங்களே தோட்டச் சருகை எரிக்க நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: ஃபிளின்ட் ஹில்ஸ் பகுதியைச் சேர்ந்தவையும் வேறு சிலவும் அடங்கிய 16 கவுண்டிகளில், மேய்ச்சல் நிலம் கொளுத்துவது போன்ற சில விலக்குகள் தவிர, ஏப்ரல் மாதத்தில் திறந்தவெளியில் எரிப்பதற்கு 2011 முதல் மாநிலத் தடை இருக்கிறது. உங்கள் கவுண்டி அந்தப் பட்டியலில் உள்ளதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தவறுதலாக வரும் 911 அழைப்புகளும் ஏராளம். கைப்பேசியின் பக்கப் பொத்தான் சட்டைப் பையில் அழுந்தினாலே சில கருவிகள் அழைத்துவிடும். அப்படி நேர்ந்தால் துண்டிக்காதீர்கள், "தவறுதலாக அழைத்துவிட்டேன், எல்லோரும் நலம்" என்று சொல்லி முடியுங்கள். துண்டித்துவிட்டால் நாங்கள் திரும்ப அழைக்க வேண்டும். பதில் இல்லாவிட்டால் டெபுடி ஒருவரை அனுப்ப வேண்டும். கவுண்டி முழுமைக்கும் இரவில் ஒருவரோ இருவரோதான் ரோந்தில் இருப்பார்கள் என்பதால், அவர் உங்கள் வாசலில் நிற்கும் அந்த அரைமணி நேரம் மறுகோடியில் ஒருவருக்கு இல்லாமல் போகிறது.

எதைச் சொல்ல மறந்தாலும் இடத்தைச் சொல்ல மறக்காதீர்கள். கவுண்டி எல்லையோரம் இருப்பவர்களின் கைப்பேசி அழைப்பு பக்கத்துக் கவுண்டியின் கோபுரம் வழியாக அங்குள்ள மேசைக்குப் போய்விடுவது வழக்கமாக நடப்பதுதான். எனவே முதல் வாக்கியத்திலேயே கவுண்டியின் பெயர், பிறகு வீட்டு எண், சாலையின் பெயர், அருகில் குறுக்கிடும் சாலை. சமவெளியில் மைலுக்கொரு சாலை என்று கட்டம் கட்டமாக இருக்கும். குன்றுப் பகுதியில் அந்தக் கட்டம் உடைந்து சாலைகள் பாதியில் முடிந்துவிடும், ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு எந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும் என்பதே பெரிய கேள்வியாகிவிடும். வாசலில் ஒளி பட்டால் மின்னும் எண் பலகையை இருபுறமும் தெரியும்படி நட்டுவிடுங்கள்.

வேலியோரம் எழுதியது:

இரவுப்பணி அம்மா சொன்னவற்றோடு, ஷெரிஃப் அலுவலகம் எதைத் தீர்க்காது என்பதையும் சேர்க்க விரும்புகிறேன். நில எல்லை எங்கே இருக்கிறது, வேலிச் செலவில் யார் பங்கு எவ்வளவு, வாங்கிய குதிரைக்குப் பணம் தரவில்லை, வாடகைதாரர் காலி செய்ய மறுக்கிறார் போன்றவற்றுக்கு அழைத்தால் டெபுடி வருவார், இரு தரப்பையும் பிரித்து நிறுத்தி அமைதிப்படுத்துவார், பிறகு "இது சிவில் விவகாரம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். பலர் இதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது அலட்சியமன்று, நீதிமன்றம் முடிவுசெய்ய வேண்டியதைச் சாலையோரத்தில் முடிவுசெய்ய அவருக்கு அதிகாரம் இல்லை. நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு அதே டெபுடிதான் அந்த உத்தரவைக் கையில் கொண்டுவந்து நிறைவேற்றுவார். அழைப்பாணை கொடுப்பது, வீட்டைக் காலி செய்விப்பது, வரி நிலுவைக்கான ஆணையை நிறைவேற்றுவது எல்லாம் ஷெரிஃபின் கடமைகள்.

வேலித் தகராறுக்குக் கன்சாஸில் தனி வழியே இருக்கிறது. கவுண்டி ஆணையர்கள் வேலிப் பார்வையாளர்களாகவும் பொறுப்பு வகிக்கிறார்கள். எழுத்தில் கேட்டால் நேரில் வந்து பார்த்து, யார் எந்தப் பகுதியைச் செப்பனிட வேண்டும் என்று தீர்மானிப்பார்கள். அண்டை வீட்டாரோடு மனக்கசப்பு முற்றுவதற்கு முன்பே இந்த வழியை நாடுவது நல்லது.

முதியவரைக் காணவில்லை என்ற கவலைக்கு வருகிறேன். "வெல்ஃபேர் செக்" (ஒருவர் நலமா என்று நேரில் பார்த்துவருவது) என்று கேட்டால் டெபுடி போய்க் கதவைத் தட்டுவார். ஆனால் யாரோ கவலைப்பட்டார் என்பதற்காக மட்டும் அவர் வீட்டுக்குள் நுழைய முடியாது. நலம் பார்க்கும் பொதுக் கடமை ஒன்றே வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் செல்வதற்குப் போதாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021ஆம் ஆண்டு கனிலியா வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. உள்ளே ஒருவர் கடுமையாகக் காயமுற்றிருக்கிறார் அல்லது உடனடி ஆபத்தில் இருக்கிறார் என்று நம்பத் தக்க காரணம் இருந்தால் நுழையலாம் என்பது 2006இல் வந்த பிரிகாம் சிட்டி வழக்கின் தீர்ப்பு. ஆகவே நீங்கள் தரும் விவரமே அவருக்குக் காரணமாக அமைகிறது. "பார்க்கவில்லை" என்பதோடு நிறுத்தாமல், வண்டி வாசலிலேயே நிற்கிறது, நேற்றைய தபால் எடுக்கப்படவில்லை, நாய் இரவெல்லாம் குரைத்தது, அவர் இன்சுலின் போடுபவர் என்று தெரிந்த அனைத்தையும் சொல்லுங்கள்.

கீழைக்காற்று எழுதியது:

இருவருக்கும் மிகுந்த நன்றி. வெல்ஃபேர் செக் குறித்து வேலியோரம் ஐயா எழுதியதை என் மனைவியிடமும் படித்துக் காட்டினேன். இன்னும் ஒரு கேள்வி: என் பெற்றோருக்கு ஆங்கிலம் மிகக் குறைவாகவே தெரியும். அவர்கள் தனியாக இருக்கும்போது ஏதேனும் நேர்ந்தால் 911 அழைத்துப் பயனுண்டா, அல்லது என்னை அழைக்கச் சொல்வதே மேலா?

இரவுப்பணி எழுதியது:

முதலில் 911, பிறகு நீங்கள். இந்த வரிசையை மாற்றவே கூடாது. நீங்கள் அலுவலகத்திலிருந்து அழைத்தால் அது உங்கள் இருப்பிடத்துக்குரிய மேசைக்குப் போகும். அவர்கள் வீட்டிலிருந்து அழைத்தால் வீட்டின் இடம் எங்கள் திரையில் தெரிய வாய்ப்பு அதிகம். டிஸ்பாட்ச் மேசைகள் தொலைபேசி வழி மொழிபெயர்ப்பாளரை இணைத்துக்கொள்ளும் சேவையைப் பயன்படுத்துகின்றன. தமிழுக்கும் ஆள் கிடைப்பார், ஆனால் இணைய நேரம் பிடிக்கலாம். அதனால் உங்கள் பெற்றோர் மூன்றே மூன்றை ஆங்கிலத்தில் சொல்லப் பழகினால் போதும்: வீட்டு எண்ணும் சாலையும், "ஆம்புலன்ஸ்" அல்லது "ஃபயர்" அல்லது "போலீஸ்", கடைசியாகத் "தமிழ்". அந்த மொழிப்பெயரைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் எந்த மொழிபெயர்ப்பாளரைத் தேடுவது என்று எங்களுக்குத் தெரியாது. சொன்னபின் தொலைபேசியை வைக்காமல் காத்திருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லிவையுங்கள். முகவரியைத் தமிழ் எழுத்தில் எழுதித் தொலைபேசி அருகில் ஒட்டிவிடுங்கள்.

இயன்றால் அவர்கள் வந்த வாரத்தில் சாதாரண எண்ணில் அழைத்து, "இந்த முகவரியில் தமிழ் மட்டும் பேசும் இரு முதியவர்கள் இருக்கிறார்கள், அப்பாவுக்கு இதய நோய் உண்டு" என்பது போன்ற குறிப்பை முகவரியோடு பதிவுசெய்ய முடியுமா என்று கேளுங்கள். எங்கள் மேசையில் அப்படிச் செய்கிறோம். ஆம்புலன்ஸுக்கு முன்பாக டெபுடி வந்து சேர்வது இங்கே சாதாரணம். சீருடையைக் கண்டு அவர்கள் அஞ்சிக் கதவைத் திறக்காமல் இருந்துவிடக் கூடாது என்பதையும் முன்பே விளக்கிவிடுங்கள்.

மலையடிவாரம் எழுதியது:

இந்த இழையை வேறு மாநிலத்தவரும் படிக்கக்கூடும் என்பதால் ஒரு குறிப்பு. இங்கே மொன்டானாவில் பல கவுண்டிகளில் ஷெரிஃபே மரண விசாரணை அதிகாரியாகவும் இருக்கிறார். வீட்டில் ஒருவர் இயற்கையாக இறந்தாலும் டெபுடி வருவது அதனால்தான், சந்தேகத்தினால் அன்று. மலையில் வழி தவறியவரைத் தேடுவதும் அவர் பொறுப்பு. மாட்டு விஷயத்தில் திறந்த மேய்ச்சல் வழக்கம் இன்னும் வலுவாக இருப்பதால், மாடு உள்ளே வராமல் வேலியிட வேண்டியவர் பெரும்பாலும் நிலத்துக்காரர்தான். அலாஸ்காவில் கவுண்டி ஷெரிஃபே இல்லை, மாநிலத் துருப்பினரை அழைக்க வேண்டும். ஆகவே கன்சாஸ் விதிகளை அப்படியே மற்ற இடங்களுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

வேலியோரம் எழுதியது:

மான்களைப் பற்றி யாரும் குறிப்பிடவில்லை. அக்டோபர், நவம்பர் மாதங்களில் அந்தியிலும் விடியலிலும் அவை சாலையைக் கடக்கும். மோதியவுடன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழையுங்கள். அடிபட்டுக் கிடக்கும் மானின் அருகில் போக வேண்டாம், அதன் உதை எலும்பை முறிக்கும். யாருக்கேனும் காயம் என்றாலோ, சேதம் 1,000 டாலருக்கு மேல் இருக்கும் என்றாலோ அறிவித்தே ஆக வேண்டும். இன்றைய விலைவாசியில் முன்விளக்கு ஒன்று உடைந்தாலே அந்தத் தொகையை எட்டிவிடும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் அந்த அறிக்கை எண் தேவைப்படும். இறந்த மானின் இறைச்சியை எடுத்துச் செல்ல விரும்பினால், டெபுடியோ நெடுஞ்சாலை ரோந்துக்காரரோ வனவிலங்கு அலுவலரோ தரும் அனுமதிச் சீட்டு வேண்டும். அது இல்லாமல் வண்டியில் ஏற்றக் கூடாது.