பழைய ஆம்ப்ளிஃபயருக்கு டிஏசி: 400 வெள்ளிக்குள் எதை வாங்கலாம், எப்படி இணைக்கலாம்?

ஈசூன்வாசி:

அனைவருக்கும் வணக்கம். அப்பா 1990களில் வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி சிறிய ஸ்பீக்கர்களும் எங்கள் நாலறை வீட்டின் வரவேற்பறையில் இன்றும் நன்றாக இயங்குகின்றன. சிடி பிளேயர் மட்டும் வட்டுகளைப் படிக்க மறுப்பதால், அவருடைய கர்நாடக இசை வட்டுகளையும் பழைய திரைப்பாடல் வட்டுகளையும் ஒலித்தரம் குறையாத ஃபிளாக் கோப்புகளாக்கி விண்டோஸ் மடிக்கணினியில் சேர்த்து வைத்திருக்கிறேன். இப்போதைக்கு மடிக்கணினியின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு நேராக ஒரு வயர் போகிறது. ஒலி மெலிந்திருப்பதோடு, பாட்டு ஓயும் இடங்களில் மவுஸை நகர்த்தினால் ஸ்பீக்கரில் மெல்லிய கீச்சொலியும் எழுகிறது.

ஆகவே கோப்பிலுள்ள எண்களை ஆம்ப்ளிஃபயருக்கான மின்குறியாக மாற்றும் மின்னிலக்க ஒலிமாற்றி, அதாவது டிஏசி, ஒன்றைத் தனியாக வாங்க எண்ணி, சிங்கப்பூர் கோல்மன் ஸ்திரீட் அடெல்ஃபி கட்டடத்துக் கடைகளில் விசாரித்தேன். ஒரு கடையில், வழக்கமான மாற்று சிப்புக்குப் பதிலாக மின்தடைகளின் அடுக்கைக் கொண்டு மாற்றும் ஆர்-2ஆர் வகைதான் இயற்கையாக ஒலிக்கும் என்றார்கள். அடுத்த கடையில், மாற்றும் வேலையைச் செய்யும் ஒரு சிப்பின் பெயரைச் சொல்லி, அது இல்லாத கருவியைத் தொடவே வேண்டாம் என்றார்கள். இணையத்திலோ எல்லாம் ஒன்றுதான் என்கிறார்கள். என்னிடம் உள்ள தொகை 400 வெள்ளி. தொலைக்காட்சியையும் இதே ஸ்பீக்கர்களில் கேட்க வேண்டும். அதில் ஆப்டிக்கல் வெளியீடு மட்டுமே உள்ளது. சிப்பைப் பார்த்து வாங்குவதா, வகையைப் பார்த்து வாங்குவதா?

சாலிடர்_வாசம்:

நண்பரே, இரண்டையும் ஒதுக்கிவிட்டு, கருவியின் பின்பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள் என்பேன். உங்களுக்குத் தேவையானவை மடிக்கணினிக்கு ஒரு யூஎஸ்பி உள்ளீடு, தொலைக்காட்சிக்கு ஓர் ஆப்டிக்கல் உள்ளீடு, ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு ஜோடி ஆர்சிஏ (சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட வயருக்கான) வெளியீடு ஆகியவைதாம். டாப்பிங், எஸ்எம்எஸ்எல், ஃபியோ ஆகிய நிறுவனங்கள் இம்மூன்றும் உள்ள கருவிகளை உங்கள் தொகைக்குள்ளேயே தருகின்றன. வெளிநாட்டு இணையக் கடையில் வாங்கினால் 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 முதல் 400 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிகளுக்கும் அது உண்டு.

சிப் குறித்துக் கடைக்காரர் சொன்னதை ஏன் பொருட்படுத்த வேண்டாம் என்கிறேன் என்றால், 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபியோகா நகரில் ஏகேஎம் நிறுவனத்தின் தொழிற்சாலை தீப்பிடித்து, அதன் சிப்புகள் நெடுநாள் கிடைக்காமல் போனபோது, அவற்றை நம்பியிருந்த தயாரிப்பாளர்கள் பலர் இஎஸ்எஸ் சிப்புக்கு மாறினார்கள். மாறிய பிறகும் அவர்களுடைய கருவிகள் அளவீட்டில் தாழ்ந்துவிடவில்லை. சிப்பைச் சுற்றியுள்ள மின்வழங்கல், கடிகாரச் சுற்று, வெளியீட்டுச் சுற்று ஆகியவற்றை எப்படி அமைத்திருக்கிறார்கள் என்பதே பெரிது. சிடியின் 16 பிட் ஒலிக்குக் கோட்பாட்டளவில் கிடைக்கும் வீச்சு, அதாவது மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி, ஏறத்தாழ 96 டெசிபல். இன்று நூற்றைம்பது வெள்ளிக்குக் கிடைக்கும் நல்ல டிஏசியின் இரைச்சல் அதற்கும் கீழே அடங்கிவிடுகிறது. மின்விசிறி சுழலும் வரவேற்பறையில் அதற்கு மேல் என்ன கேட்டுவிடப் போகிறோம்?

உங்கள் குறை வேறிடத்தில் உள்ளது. மடிக்கணினியின் ஹெட்ஃபோன் துளை பெரும்பாலும் ஒரு வோல்ட் அளவிலேயே நின்றுவிடும். டிஏசியின் ஆர்சிஏ வெளியீடு 2 வோல்ட். இது சிடி பிளேயர்கள் கடைப்பிடித்த அதே அளவு. ஒலி மெலிந்திருப்பது இதனால் நீங்கும். கீச்சொலி மடிக்கணினிக்குள் இருக்கும் மின்சுற்றுகளிலிருந்து ஒலிச்சுற்றுக்குள் கசிவது. மாற்றும் வேலையைப் பெட்டிக்கு வெளியே கொண்டுவந்தால் பெரும்பாலும் போய்விடும். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். யூஎஸ்பி வயர் வழியாகவும் சில தொல்லைகள் வரக்கூடும்.

இணைக்கும்போது, ஆம்ப்ளிஃபயரில் சிடி என்று குறித்த உள்ளீட்டையே பயன்படுத்துங்கள். அது காலியாகத்தானே இருக்கிறது. டியூனர், ஆக்ஸ் என்பவையும் அதே தரம்தான். ஃபோனோ என்பதில் மட்டும் செருகாதீர்கள். இசைத்தட்டு ஊசியின் மிக மெல்லிய மின்குறிக்காக அது ஒலியைப் பல மடங்கு பெருக்குவதோடு, தாழ்ந்த சுரங்களைத் தூக்கி உயர்ந்தவற்றை அடக்கியும்விடும். விண்டோஸில் ஒலி அமைப்புகளுக்குச் சென்று மாதிரி விகிதத்தை (ஒலி நொடிக்கு எத்தனை முறை அளக்கப்படுகிறது என்பதை) சிடியின் அளவான 44.1 கிலோஹெர்ட்ஸ் ஆக்குங்கள். இல்லாவிட்டால் உங்கள் சிடி கோப்புகளை அது 48க்கு மாற்றித்தான் அனுப்பும். ஃபூபார்2000 போன்ற செயலியில் விண்டோஸ் இடையில் மாற்றாமல் நேராக டிஏசிக்கு அனுப்பும் எக்ஸ்குளூசிவ் முறையைத் தேர்ந்தால் இந்தக் கவலையே இல்லை. தொலைக்காட்சியில் ஆப்டிக்கல் வெளியீட்டைப் பிசிஎம் (சுருக்கப்படாத ஒலி) என்று மாற்ற மறக்க வேண்டாம். டால்பி என்றே விட்டுவிட்டால் ஸ்டீரியோ டிஏசிக்கு அதைப் பிரித்தறியத் தெரியாது; ஒலியே வராமலும் போகலாம்.

மரப்பெட்டி:

மேலே நண்பர் சொன்னவற்றில் பெரும்பகுதி சரி. ஆனால் ஆர்-2ஆர் வகையை அவர் பேச்சிலேயே எடுக்காமல் விட்டது எனக்கு நியாயமாகப் படவில்லை. அந்த வகையில், மாதிரி விகிதத்தை உயர்த்தாமல் அப்படியே மாற்றும் முறையைத் தேர்ந்தால், 20 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒலி சுமார் 3 டெசிபல் தாழும். அளவீட்டுக்காரர்கள் இதைக் குறை என்பார்கள். காதைக் குத்தும்படி சிடியாக்கப்பட்ட பழைய திரைப்பாடல்களை மாலை முழுவதும் கேட்கும் என்னைப் போன்றவருக்கு அந்தத் தணிவு பிடித்திருக்கிறது. ஃபியோ கே11 ஆர்2ஆர் இந்த முறையையும் வழக்கமான முறையையும் ஒரே கருவியில் தருவதால், வீட்டிலேயே மாற்றி மாற்றிக் கேட்டு நீங்களே முடிவு செய்யலாம்.

கடையில் ஒப்பிட்டுக் கேட்பதாக இருந்தால், இரண்டு கருவிகளின் ஒலியளவும் சமமாக இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதை நம் காது உரத்த ஒலி என்று உணராது. நல்ல ஒலி என்றே எடுத்துக்கொள்ளும். விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

பிடோக்_மாலதி:

ஐயா, ஒன்றை யாரும் சொல்லவில்லை. பெரும்பாலான தொலைக்காட்சிகளின் ஆப்டிக்கல் வெளியீட்டில் ஒலியளவு மாறாது. தொலைக்காட்சி ரிமோட்டை எவ்வளவு அழுத்தினாலும் ஸ்பீக்கரில் ஒன்றும் நடக்காது; விளம்பரம் அலறும்போதெல்லாம் எழுந்துபோய் ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருப்ப வேண்டியிருக்கும். எங்கள் வீட்டில் மாமியார் இதை இரண்டாம் நாளே கண்டித்துவிட்டார். அதனால் தனி ரிமோட்டும் ஒலியளவுக் கட்டுப்பாடும் உள்ள டிஏசியாகப் பாருங்கள். டாப்பிங் இ30 II போன்றவற்றில் அது உண்டு. ஆம்ப்ளிஃபயரின் குமிழை, நீங்கள் கேட்கக்கூடிய உச்ச அளவில் நிறுத்திவிட்டு, அன்றாடம் டிஏசியிலேயே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். 24 பிட் கருவியில் 16 பிட் இசையைக் கேட்கும்போது சுமார் 48 டெசிபல் வரை குறைத்தாலும் இசையின் பிட்டுகள் வெட்டுப்படுவதில்லை.

ஒலி 96.8 வானொலி போன்றவற்றைக் கைப்பேசியிலிருந்து கேட்பதே வீட்டில் அதிகம் என்றால், வீம் புரோ பிளஸ் போல வைஃபையும் ஆப்டிக்கல் உள்ளீடும் கொண்ட கருவியையும் யோசியுங்கள். மடிக்கணினியை யூஎஸ்பியால் அதில் செருக முடியாது. கோப்புகளை வீட்டு வைஃபை வழியாகவே அனுப்ப வேண்டும்.

ஈசூன்வாசி:

மிக்க நன்றி. ரிமோட் பற்றிய குறிப்பு என் மனைவிக்கு உடனே பிடித்துவிட்டது. யூஎஸ்பி, ஆப்டிக்கல், ரிமோட் மூன்றும் உள்ள ஒரு கருவியை வாங்கிவிட்டேன். தொலைக்காட்சி நன்றாக ஒலிக்கிறது. மடிக்கணினியில் கீச்சொலி போய்விட்டது. ஆனால் சார்ஜரைச் செருகினால் மட்டும் ஊம் என்று ஒரு தாழ்ந்த இரைச்சல் வருகிறது. கருவியில் பழுதா?

சாலிடர்_வாசம்:

பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. சார்ஜரை எடுத்ததும் இரைச்சல் அடங்கினால் அது எர்த் லூப். சார்ஜர் வழியாக ஓர் எர்த், ஆம்ப்ளிஃபயர் வழியாக இன்னோர் எர்த் என்று இரண்டு பாதைகள் யூஎஸ்பி வயரால் ஒன்றோடொன்று இணைந்து ஒரு வளையமாகிவிடுகின்றன. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதுவும் அதன் மடங்குகளும் அந்த ஊம் ஒலியாகக் கேட்கின்றன. ஆப்டிக்கல் வயரில் போவது ஒளி மட்டுமே. ஆகையால் தொலைக்காட்சி அமைதியாக இருக்கிறது.

முதலில் சார்ஜர், டிஏசி, ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகிப் பாருங்கள். மடிக்கணினியிலிருந்து தொலைக்காட்சிக்கு எச்டிஎம்ஐ வயர் போகிறது என்றால் அதையும் கழற்றிப் பாருங்கள். அதன் வழியாக ஆண்டெனா வயர் வரை எர்த் நீளும். அப்போதும் அடங்கவில்லையென்றால், கேட்கும் நேரத்தில் பேட்டரியில் ஓட்டுவதே செலவில்லாத வழி. தரவை மட்டும் கடத்தி, யூஎஸ்பி வயரின் மின்தொடர்பைத் துண்டிக்கும் யூஎஸ்பி ஐசொலேட்டர் வாங்கத் தீர்மானித்தால் அதன் வேகத்தைப் பாருங்கள்: மலிவானவற்றில் பல நொடிக்கு 12 மெகாபிட் வேகத்தில் நின்றுவிடும், உங்கள் டிஏசி அந்த வேகத்தில் இயங்காமலே போகலாம்.

சார்ஜரின் எர்த் முள்ளை மறைத்துவிட்டால் இரைச்சல் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 230 வோல்ட் வீட்டில் அந்த முள் நம் உயிருக்காக இருக்கிறது. ஐசொலேட்டர் தேவைப்பட்டால் உங்கள் டிஏசியின் மாடலை இங்கே எழுதுங்கள், பொருந்துமா என்று பார்த்துச் சொல்கிறேன்.