மாருதி 800: மீட்டர் விளக்கு, கூடுதல் மீட்டர், உள் டிரிம் – வீட்டிலேயே செய்ய யோசனை தேவை

கரூர்_800:
வண்டி 2006 மாருதி 800, எம்பிஎஃப்ஐ (பெட்ரோல் இன்ஜெக்ஷன்) இன்ஜின். மீட்டர் வெளிச்சம் ராத்திரியில ரொம்ப மங்கல். டேஷ்போர்டு வெயில்ல வெளுத்துப்போச்சு, கதவு பேட் ரெக்ஸின் ஓரம் உரியுது. மீட்டருக்குள்ள நீல எல்இடி, வெள்ளை டயல் ஸ்டிக்கர், டேஷ்போர்டு முழுக்க கார்பன் ஃபைபர் டிசைன் வினைல், கூடவே இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று ஓடுதுன்னு காட்டுற ஒரு ஆர்பிஎம் மீட்டர், ஒரு வோல்ட் மீட்டர் போடலாம்னு திட்டம். ஹீட் கன், மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன் கையில இருக்கு. எங்கே ஆரம்பிக்கலாம்? இதில் எதை விட்டுடணும்?

ஃபியூஸ்_பாக்ஸ்:
வயரிங் பக்கத்தை நான் சொல்றேன்.

முதல்ல பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்க. மீட்டர் ஹூட் (மேல்மூடி) ஸ்க்ரூ, அப்புறம் கிளஸ்டர் (மீட்டர்கள் இருக்கிற முழுப் பெட்டி) ஸ்க்ரூ. கிளஸ்டரை வேகமா இழுக்க வேண்டாம். பின்னால ஸ்பீடோமீட்டர் கேபிள் மாட்டியிருக்கும். அதோட பிளாஸ்டிக் கொக்கியை அழுத்திக்கிட்டே கேபிளை வெளியே எடுக்கணும். கிளஸ்டர் முதுகில இருக்கிற மெல்லிய பிளாஸ்டிக் படலத்துலதான் செப்புத் தடம் ஓடுது. பல்ப் ஹோல்டரைக் கால் சுற்று திருப்பினா வரும். திரும்ப மாட்டும்போது அழுத்தித் திருகினா தடம் கிழியும், அதோட அந்த விளக்கு போச்சு.

புது பல்ப் வாங்குறதுக்கு முன்னாடி இருக்கிறதை உருவிப் பாருங்க, எந்த அளவு, டி10-ஆ (பெரிசு) டி5-ஆ (சின்னது) என்று. மங்கலுக்குப் பாதி காரணம் கறுத்துப்போன பல்பும், ஹோல்டர் கால்ல படிஞ்ச பச்சைக் களிம்பும்தான். வெளிச்சம் வேணும்னு 5 வாட் பார்க்கிங் பல்பை உள்ளே திணிக்காதீங்க. அந்தச் சூட்டுக்கு டயல் பழுத்து, உள்கூடு இளகிடும்.

எல்இடி போடலாம். ஆனா உச்சியில மட்டும் சிப் இருக்கிற வகை வேண்டாம். டயல்ல ஒரு இடம் பளீர்னும் மீதி இருட்டாவும் இருக்கும். நாலு பக்கமும் உச்சியிலும் சிப் இருக்கிறதா வாங்குங்க. நீலம் போடுறதை நான் ஏத்துக்க மாட்டேன். இரவில் கண்ணைக் கூசும், உள்ளே பச்சை ஃபில்டர் இருந்தா அந்த நீலமும் அதிலேயே செத்துப்போகும். வெள்ளை போடுங்க. எல்இடிக்கு பிளஸ், மைனஸ் உண்டு. எரியலைன்னா ஹோல்டரைக் கழற்றி 180 டிகிரி திருப்பி மாட்டினா போதும்.

முக்கியமான விஷயம்: பேட்டரி சின்னம் இருக்கிற சார்ஜ் விளக்கை மட்டும் தொடாதீங்க. பழைய வகை ஆல்டர்னேட்டர் (பேட்டரியை சார்ஜ் பண்ற ஜெனரேட்டர்), வண்டி ஸ்டார்ட் ஆனதும் சார்ஜ் பண்ண ஆரம்பிக்கத் தேவையான முதல் கரண்ட் அந்த பல்ப் வழியாத்தான் போகுது. பல்ப் 100 மில்லிஆம்பியருக்கு மேல விடும். எல்இடி 20 விட்டாலே அதிகம். மாத்தினா ஐடிலிங்ல சார்ஜ் ஆகாம, ஆக்சிலரேட்டர் மிதிச்சாத்தான் விழிச்சுக்கும். அப்புறம் ஆல்டர்னேட்டர் கெட்டுப்போச்சுன்னு மெக்கானிக்கிட்ட காசு அழணும்.

டயல் ஸ்டிக்கரை விட்டுடுங்க. அதுக்கு முள்ளைக் கழற்றணும். கேபிள் மீட்டர்ல முள் ஒரு மெல்லிய சுருள் ஸ்பிரிங்கோட இழுவிசையிலதான் நிக்குது. பூஜ்ஜியத்துல தெரியிறது அதோட உண்மையான ஓய்வு நிலை இல்லை, ஒரு குச்சி அதைத் தடுத்து நிறுத்தியிருக்கு. அதைக் கவனிக்காம முள்ளைத் திரும்பச் செருகினா வேகம் தப்பாக் காட்டும். செஞ்சே ஆகணும்னா, முள்ளைக் குச்சிக்கு மேலே மெல்லத் தூக்கி, அது தானா எங்கே போய் நிக்குதுன்னு பென்சில்ல குறிச்சுட்டு, திரும்பவும் அங்கேயே செருகுங்க. பிறகு போன் ஜிபிஎஸ் வச்சு 40, 60-ல சரிபாருங்க.

ஆர்பிஎம் மீட்டர்ல ஒரு சிக்கல் இருக்கு. கடையில கிடைக்கிறதுல பெரும்பாலும் 4, 6, 8 சிலிண்டர் செட்டிங்தான் இருக்கும். உங்க இன்ஜின் 3 சிலிண்டர். ஒரே இக்னிஷன் காயில்னா (ஸ்பார்க் பிளக்குக்கு உயர் வோல்ட் தர்ற சுருள்) இன்ஜின் ஒரு சுற்றுக்கு ஒன்றரை பல்ஸ் (மின்துடிப்பு). 4-ல வச்சா முக்கால்தான் காட்டும், உண்மையில 3000 ஓடும்போது 2250. 6-ல வச்சா சரியா பாதி காட்டும். இரண்டால பெருக்கிப் படிச்சுக்கலாம். சிக்னல் வயர் காயில் நெகட்டிவ்ல இருந்து வரணும், ஸ்பார்க் பிளக்குக்குப் போற ஹைடென்ஷன் கேபிளை ஒட்டி ஓடக்கூடாது, இல்லேன்னா முள் நடுங்கும். ஃபயர்வால்ல (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுத் தகடு) ரப்பர் குரோமெட் (துளையில மாட்டுற ரப்பர் வளையம்) வழியா மட்டும் கொண்டு வாங்க. தகட்டு விளிம்புல உரசுற வயர் ஒருநாள் ஷார்ட் ஆகும்.

வோல்ட் மீட்டர் எளிது. சாவி போட்டா மட்டும் உயிர் வர்ற ஃபியூஸ்ல இருந்து 2 ஆம்பியர் ஃபியூஸ் வச்சு எடுங்க. பேட்டரியில நேரா மாட்டினா நிறுத்தி வச்ச வண்டியிலும் கரண்ட் குடிச்சுக்கிட்டே இருக்கும். நல்ல பேட்டரின்னா இன்ஜின் ஆஃப்ல 12.4 முதல் 12.7, ஓடும்போது ஏறக்குறைய 13.8 முதல் 14.4.

ரெக்ஸின்_ராஜா:
மேலே சொன்னதெல்லாம் சரி, டிரிம் (டேஷ்போர்டு, கதவு பேட் மாதிரி உள் அலங்காரப் பாகங்கள்) பத்தி நான் சேர்க்கிறேன்.

பாகத்தைக் கழற்றினதும் பின்பக்கம் பாருங்க. பிபி, ஏபிஎஸ் மாதிரி பிளாஸ்டிக் வகையைச் சொல்ற அச்சு இருக்கும். எல்லா முடிவும் அதைப் பொறுத்துத்தான். ஏபிஎஸ்ல பசை, பெயின்ட் இரண்டும் பிடிக்கும். பிபி மெழுகு மாதிரி. அடீஷன் ப்ரமோட்டர் (ஒட்டிப் பிடிக்க வைக்கிற அடிப்பூச்சு) அடிக்காம எது போட்டாலும் ஒரே கோடையில செதில் செதிலா உரியும்.

டேஷ்போர்டு முழுக்க வினைல் வேண்டாம். தோல் மாதிரி சொரசொரப்பா இருக்கிற பரப்புல வினைல் மேடுகளை மட்டும்தான் தொடும், பள்ளத்துல காத்து நிற்கும். அதோட மேல்பகுதியில பளபளப்பு எதுவும் கூடாது. மத்தியான வெயில்ல டேஷ்போர்டோட பிம்பம் முன் கண்ணாடியில விழுந்து ரோடு தெரியாது. அங்கே மேட் கறுப்பு அல்லது கரும் சாம்பல் பெயின்ட் மட்டும். வினைலை ஏசி வென்ட், ரேடியோவைச் சுத்தியிருக்கிற தட்டைத் துண்டுகளுக்கு வச்சுக்கங்க.

இதுவரை டேஷ்போர்டு பாலிஷ் போட்டிருந்தா அதுல இருக்கிற சிலிக்கான்தான் முதல் எதிரி. சோப்புத் தண்ணி, அப்புறம் வேக்ஸ் ரிமூவர், கடைசியா ஐசோப்ரொபைல் ஆல்கஹால். தண்ணி தெளிச்சா முத்து முத்தா திரளாம படலமா பரவணும், அதுவரை விடாதீங்க. மீட்டர் கண்ணாடி மேல மட்டும் ஆல்கஹாலோ தின்னரோ படக்கூடாது, நுண்ணிய வெடிப்பு விழும். அதுக்கு சோப்புத் தண்ணியே போதும்.

வினைல் காஸ்ட் வகையா (திரவமா ஊற்றி வார்த்தது) கேட்டு வாங்குங்க. மலிவான கேலண்டர்டு வகை (உருளையில இழுத்துத் தட்டினது) வெயில்ல சுருங்கி ஓரத்தில வெள்ளைக் கோடு காட்டும். ஓரம் பின்பக்கம் 10 மில்லிமீட்டராவது மடியணும். மூலையில இழுத்து நீட்டின இடங்களை ஒட்டி முடிச்சதும் 90 டிகிரிக்கு மேல சூடாக்கினாத்தான் பழைய வடிவத்துக்குத் திரும்ப முயலாது. ஆனா ஏபிஎஸ் 100-ஐ ஒட்டியே இளக ஆரம்பிக்கும், அதனால ஹீட் கன்னை ஒரே இடத்துல நிறுத்தாதீங்க.

பெயின்ட்டுக்கு: சாம்பல் நிற ஸ்கஃப் பேட்ல (தேய்க்கிற நார்த் துண்டு) லேசா தேய்ச்சு, ப்ரமோட்டர் இரண்டு மெல்லிய கோட், டப்பாவில சொன்ன நேரத்துக்குள்ள கலர் மூணு மெல்லிய கோட். தடிமனா ஒரே கோட் அடிச்சா சொரசொரப்பு நிரம்பி ரப்பர் பொம்மை மாதிரி ஆயிடும். முதல்ல மறைவான இடத்துல அடிச்சு, ஒரு நாள் விட்டு, பிளேடால கட்டம் கட்டமா கீறி டேப் ஒட்டி வெடுக்குனு இழுத்துப் பாருங்க, பெயின்ட் டேப்போட வரலைன்னா சரி.

இதைப் படிக்கிற மத்தவங்க வண்டியில ஏர்பேக் இருந்தா, அந்த மூடி மேல வினைல், பெயின்ட், ஸ்டிக்கர் எதுவும் கிடையாது. மஞ்சள் கனெக்டர்ல மல்டிமீட்டர் வைக்கவும் கூடாது.

கரூர்_800:
நன்றி. டயல் ஸ்டிக்கரும் நீல எல்இடியும் கேன்சல். கதவு பேட் எப்படி? கண்ணாடி ஏத்துற கைப்பிடியில ஸ்க்ரூவே இல்லையே?

ரெக்ஸின்_ராஜா:
ஸ்க்ரூ இருக்காது. கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவில ஒரு கம்பி கிளிப் இருக்கும். பழந்துணிப் பட்டையை அந்த இடுக்குல நுழைச்சு, ரம்பம் அறுக்கிற மாதிரி இருபக்கமும் இழுத்தா கிளிப் தெறிச்சு வரும். எங்கே விழுதுன்னு பார்த்துக்கங்க. பேடை கிளிப்புக்குப் பக்கத்துலயே நெம்பணும். ஓரத்தைப் பிடிச்சு இழுத்தா ஹார்டுபோர்டு பிய்ஞ்சிடும். கிளிப் சிலது உடையும், ஒரு டஜன் கூடுதலா வாங்கி வச்சுக்கங்க.

54 இன்ச் அகல ரெக்ஸின் 3 மீட்டர் நாலு கதவுக்கும் போதும். காண்டாக்ட் பசை ரெக்ஸின், போர்டு இரண்டிலும் தடவி, விரல்ல ஒட்டாத அளவு காய்ஞ்சதும் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்க. ஈரத்தோட ஒட்டினா வெயில்ல கொப்புளம் வரும். ஸ்டேப்பிள் 4 மில்லிமீட்டர் பின் மட்டும். பெரிசு போட்டா முன்பக்கம் முனை எட்டிப் பார்க்கும்.

போர்டு ஊதியிருந்தா, ரெக்ஸின் மாத்துறதுக்கு முன்னாடி கதவுல ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் ஷீட்டைப் பாருங்க. அது கிழிஞ்சோ விலகியோ இருந்தா மழைத்தண்ணி போர்டுக்கு வருது. ப்யூட்டைல் டேப்பால (தண்ணி புகாத பசை ரப்பர் டேப்) சுத்தி ஒட்டுங்க. கீழ் ஓரத்தை கதவுக்கு உள்பக்கமா செருகி விட்டாத்தான் தண்ணி கதவோட வடிகால் துளைக்குப் போகும்.

ஃபியூஸ்_பாக்ஸ்:
கதவு பேடைக் கழற்றி வச்சிருக்கும்போதே ஸ்பீக்கர் வயரையும் இழுத்துடுங்க. இப்போ வேண்டாம்னாலும் பரவாயில்லை, திரும்ப அந்த ஷீட்டைக் கிழிக்க வேண்டியிருக்காது.