புதுப்பிப்பு: 'மாஷ்' டிவிடி, சிரிப்பொலி இல்லாமல்

'மாஷ்' என்ற பழைய அமெரிக்க நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரின் டிவிடி பெட்டியை வாங்கியதும், பின்னணிச் சிரிப்பொலியோடு பார்ப்பதா, அதை நிறுத்திவிட்டுப் பார்ப்பதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். நிறுத்திவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று பலரும் சொன்னீர்கள். சரி, அப்படியே மூன்று சீசன் முடித்துவிட்டேன்.

நீங்கள் சொன்னது சரிதான். டிவிடியில் ஒலித் தெரிவை மாற்றினால் போதும், தொடரே வேறாகிவிடுகிறது. கொரியப் போர்முனைக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர்கள் இவர்கள். அவர்களில் ஒருவரான ஹாக்ஐ அடிக்கும் கிண்டலுக்கு யாரும் சிரிக்காதபோது, தூக்கமில்லாத ஒரு மனிதன் தன்னைத் தாங்கிக்கொள்ளப் பேசும் பேச்சாக அது கேட்கிறது. அறுவை அறைக் காட்சிகளில் தயாரிப்பாளர்கள் முதலிலிருந்தே சிரிப்பொலியைத் தவிர்த்திருக்கிறார்கள். எவ்வளவு சரியான முடிவு!

அப்புறம், மூன்றாம் சீசனின் கடைசிப் பகுதி, 1975 மார்ச்சில் ஒளிபரப்பானது. (இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) முகாமின் தலைவர் ஹென்றி பிளேக் ஊருக்குக் கிளம்புகிறார், எல்லோரும் வழியனுப்புகிறார்கள். கொஞ்ச நேரத்தில் முகாமின் எழுத்தர் ரேடார் அறுவை அறைக்குள் வந்து, அவர் போன விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, யாரும் பிழைக்கவில்லை என்று படிக்கிறான். ஒரு கருவி கீழே விழும் சத்தம். யாரும் கையை நிறுத்தவில்லை, தையல் தொடர்கிறது. நான் டிவிடியை நிறுத்திவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இன்னும் எட்டு சீசன் இருக்கிறது. நாளை நான்காவதைத் தொடங்குகிறேன்.