லோரலைப் பாறையைக் கடந்தவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிரலாம்

கோப்லென்ஸ்வாசி:
ஜெர்மனியின் ரைன் நதிக்கரையில், பாட்டால் படகோட்டிகளை மயக்கி அழிக்கும் லோரலை என்ற பெண்ணின் கதையால் பெயர்பெற்ற பாறையைப் பற்றி இங்குள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பாறையருகே உள்ள சங்க்ட் கோவர்ஸ்ஹவுசன் ஊரை நெருங்கியதும் கப்பலின் ஒலிபெருக்கியில், லோரலை பற்றிய கவிதைக்கு இசையமைப்பாளர் சில்ஷர் அமைத்த மெட்டு எழுந்தது. என் பக்கத்தில் இருந்த ஜெர்மானிய மூதாட்டி, கைப்பையின் வாரை இறுகப் பற்றியபடி, அந்தக் கவிதையை எழுதிய ஹைனேயின் வரிகளை முதலடியிலிருந்தே வாய்விட்டுப் பாடி வந்தார். படகோட்டியை அலைகள் விழுங்கும் கடைசிக் கண்ணி வந்ததும் சட்டென்று நிறுத்திவிட்டார். மற்றவர்கள் பாடி முடித்தார்கள். அவர் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார். காரணம் கேட்க எனக்கு நா எழவில்லை. ஆதிகாலத்துப் பழங்கதை ஒன்று இன்றைக்கும் ஒருவரின் குரலை அடைத்துவிடுகிறதே என்ற எண்ணம் என்னை விடுவதாக இல்லை.

பாக்கராக்_வாசகி:
"ஆதிகாலத்துப் பழங்கதை" என்பதை என்னால் ஏற்க இயலாது. அங்கே பழமையானவை நீரோட்டத்தின் ஆபத்தும் பாறையின் எதிரொலியும்தான். அந்தப் பெண்ணை 1801இல் தம் நாவலில் இடம்பெற்ற கதைப்பாடல் வழியே படைத்தவர் ஜெர்மானிய எழுத்தாளர் கிளெமென்ஸ் பிரெண்டானோ. அதில் அவள் படகுகளைக் கவிழ்ப்பவள் அல்லள். காதலன் கைவிட்டதால் சாவை விரும்பியவளை, தண்டிக்க மனம் வராத கிறிஸ்தவ ஆயர் கன்னியர் மடத்துக்கு அனுப்பிவைக்க, வழியில் பாறை மீதேறி ரைன் நதியில் விழுந்து மாண்டவள். பொன் சீப்பும் மயக்கும் பாட்டுமாக நாம் அறிந்த உருவம், 1824இல் வெளியான ஹைனேயின் கவிதையால்தான் நிலைபெற்றது. பாக்கராக் கரையில் வழிகாட்டி ஒருவர் அவளைச் சூனியக்காரி என்றபோது, ஒரு சிறுமி, "அவளுக்கு யார் என்ன செய்தார்கள்?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்லாமலே நகர்ந்துவிட்டார்.

இடக்கரை_ரயில்:
2011 ஜனவரியில், ஏறத்தாழ 2,400 டன் கந்தக அமிலத்துடன் சென்ற சரக்குக் கப்பல் அப்பாறையருகே கவிழ்ந்து இரு ஊழியர்கள் பலியானார்கள். பிறகு ஒருநாள் ரயிலிலிருந்து அதைப் பார்த்தோம்; நீருக்கு மேலே தெரிந்த அதன் பக்கவாட்டை மீட்புக் கப்பல்கள் சூழ்ந்திருந்தன. "லோரலை தன் வேலையைக் காட்டிவிட்டாள்" என்றார் ஒரு பயணி. எதிரே இருந்தவர் ஒன்றும் பேசாமல் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டார். தொட்டிகளில் அமிலம் ஏற்றப்பட்ட விதத்தால் கப்பல் நிலைத்தன்மையை இழந்திருந்தது என்பதே பின்னர் விசாரணையில் தெரிந்தது. கதையை நானும் நேசிக்கிறேன். ஆனால் இறந்தவர்களின் மீது அதைப் போர்த்தக் கூடாது.

நீரூற்று:
நான் லோரலையைச் சந்தித்தது நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில். ஹைனே யூதராகப் பிறந்தவர் என்பதால் எழுந்த எதிர்ப்பில், அவர் பிறந்த டியுசல்டார்ஃப் நகரம் ஏற்காத நினைவுச்சின்னம், 1899இல் அங்கே திறக்கப்பட்டது. அதன் உச்சியில் வெண்பளிங்கில் அவள் அமர்ந்திருக்கிறாள். அருகில் இருந்த இளைஞர்களுக்கு அந்தப் பெயர், 1953இல் ஒரு திரைப்படத்தில் மர்லின் மன்றோ நடித்த பாத்திரத்தின் பெயராக மட்டுமே தெரிந்திருந்தது.

கோப்லென்ஸ்வாசிக்கு ஒன்று சொல்வேன். அடுத்த முறை கப்பலை விட்டு, மைன்ஸ் நோக்கிச் செல்லும் இடக்கரை ரயிலில், இடப்புறச் சன்னலோரம் அமருங்கள். சங்க்ட் கோவாரில் இறங்கி எதிர்க்கரையிலிருந்து பாருங்கள். 132 மீட்டர் உயரமும், ஆறு குறுகித் திரும்பும் விதமும் அங்கிருந்துதான் முழுதாகப் புரியும். துறைமுகத் தடுப்பணை முனையிலுள்ள லோரலையின் வெண்கலச் சிலையோடு திரும்பிவிட வேண்டாம். சில்ஷரின் மெட்டோடு கிளாரா ஷூமன் இதே கவிதைக்கு அமைத்த இசையையும் கேளுங்கள். அதில் பியானோ தொடக்கத்திலிருந்தே பதறுகிறது, அந்த மூதாட்டி நிறுத்திய இடத்துக்கு அது வெகுமுன்பே நம்மைத் தயார்செய்துவிடுகிறது.