டாங்கிள்: முடிச்சா, பின்னலா, சிக்கா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

தருமபுரியிலிருந்து எழுதுகிறேன். மூளைத்தானம் பற்றி ஒரு துண்டறிக்கையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நரம்பு நோய் என்றால் நம் பக்கத்தார் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்குத்தான் வண்டி ஏறுகிறார்கள். தானமாக வரும் மூளைகளைக் காக்கும் திசு வங்கியும் அங்கே இருக்கிறது. இப்படிப்பட்ட திசுவை மெல்லிய சீவலாக அறுத்து, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டோடு படமாக்குகிறார்கள். நோயின் அடையாளம் தெரியும் சில ஆயிரம் இடங்களை நோயியல் மருத்துவர் குறித்துக் காட்டிப் பழக்கினால், மீதிப் படங்களில் அவற்றைக் கணினியே தேடி எண்ணும். இதுவரை சிரமமில்லை. 'நியூரோஃபைப்ரிலரி டாங்கிள்' வந்ததும், அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பேனா நின்றுவிட்டது.

அல்சைமர் நோயில் நரம்பணுவுக்குள் டௌ என்ற புரதம் இழையிழையாகத் திரண்டு அடைத்துக்கொள்ளும், அதுதான் டாங்கிள். அலோயிஸ் அல்சைமர் 1906இல் விவரித்ததும் இதைத்தான். (அணுவுக்கு வெளியே சேரும் 'பிளேக்'குக்குப் 'படிவு' போதும். அதில் யாருக்கும் சண்டை இருக்காது.)

குழுவில் ஒருவர் கேட்டது:

> நரம்பு முடிச்சு என்றே வைத்துவிடலாமே?

அது கேங்லியானுக்கு, அதாவது நரம்பணுக்கள் கூடித் திரண்ட இடத்துக்கு, புழங்கும் சொல் ஐயா. மேலும் முடிச்சு என்பது ஒருவர் போடுவது. என் சித்தி பட்டுநூல் எடுக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். வெந்நீரில் மிதக்கும் கூட்டிலிருந்து நுனி பிடித்து இழுக்கும்போது இழை அறுந்தால் முடிச்சுப் போடுவார். இழைகள் தாமாக மாட்டிக்கொண்டால் "சிக்கு விழுந்துடுச்சு" என்று ராட்டையை நிறுத்துவார். முதலாவது வேலை, இரண்டாவது கேடு. நரம்பணுவில் நடப்பது இரண்டாவது.

'பின்னல்' அழகான சொல்தான். ஆனால் எண்ணும் கணினி நிரலையே (நியூரல் நெட்வொர்க்) நரம்புப் பின்னல் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். "நரம்புப் பின்னல் நரம்புப் பின்னலைக் கண்டறிந்தது" என்று அச்சிட்டால் நம்மையே மருத்துவரிடம் அனுப்புவார்கள். 'சிக்கல்' இன்னும் மோசம். "அப்பாவின் மூளையில் சிக்கல்" என்று படிக்கும் மகளுக்கு என்ன புரியும்?

ஆகவே நரம்பிழைச் சிக்கு, சுருக்கமாகச் சிக்கு. தலைமுடிச் சொல், கொச்சை என்பீர்கள். இருக்கட்டும். அது குட்டி போடும் சொல். இழையாகத் திரளுமுன் உள்ள நிலைக்கு 'பிரீடாங்கிள்' என்று பெயர்: இளஞ்சிக்கு. அணு செத்து மறைந்தபின் வெளியே தங்கிவிடுவது 'கோஸ்ட் டாங்கிள்': எச்சச் சிக்கு. மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக் காட்டினால்தான் கணினிக்கும் வேறுபாடு பிடிபடும். முடிச்சை வைத்து 'இளமுடிச்சு' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கே ஒப்பவில்லை.

—

மறுமொழி (கிருஷ்ணகிரியிலிருந்து):

சிக்கு, இளஞ்சிக்கு இரண்டும் சரிங்க. எச்சம் மட்டும் வேண்டாம். எங்கள் ஊரில் எச்சம் என்றால் காக்கை போடுவது. இறந்தவர் மூளையைக் கொடுத்த குடும்பத்திடம் அந்தச் சொல்லை நீட்ட முடியாது. அணு போய்ச் சிக்கு மட்டும் நிற்பதால் 'வெறுஞ்சிக்கு' எப்படி?

—

மறுமொழி:

காக்கையை யோசிக்கவில்லை அக்கா. வெறுஞ்சிக்கு என்று மாற்றிவிட்டேன். பக்கத்திலேயே துண்டு துண்டாகக் கிடக்கும் டௌ இழையான 'நியூரோபில் திரெட்' ஒன்று பாக்கி இருக்கிறது. 'இழைத்துணுக்கு' என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.