ஒன்றரை மாத ஊசியில் இருப்பது என்ன? உயிருள்ள தடுப்பூசி எது, உயிரற்றது எது?

கோத்தகிரித் தாய்:
அனைவருக்கும் வணக்கம். சென்ற புதன்கிழமை எங்கள் மகளுக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசிகள் போடப்பட்டன. வாய்வழியாக இரண்டு மருந்துகள், தொடைக்கு ஒன்றாக இரண்டு ஊசிகள், வலது கையில் தோலுக்குள் ஒரு சிறிய ஊசி. அன்றிரவு இடது தொடை தடித்துக் காய்ச்சல் வந்தது. மறுநாள் மாலை தணிந்தது. பிறந்தவுடன் இடது கையில் போட்ட பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசிக்குக் காய்ச்சலே இல்லை. ஆனால் அந்த இடம் இப்போதுதான் கொப்புளமாகி உடைந்திருக்கிறது. ஒவ்வொன்றும் ஏன் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கிறது? கிருமியையே குழந்தையின் உடம்பில் ஏற்றுகிறார்கள் என்று என் மாமியார் அஞ்சுகிறார். அவருக்கு நான் என்ன விளக்கம் சொல்வது?

ஓய்வுபெற்ற செவிலியர், கூடலூர்:
உங்கள் மாமியாரின் அச்சத்தில் பாதி உண்மை இருப்பதால் அதைத் தள்ளிவிடாமல் விளக்குவதே முறை. பி.சி.ஜி.யும் இரண்டு வாய்வழி மருந்துகளும், பின்னர் ஒன்பதாம் மாதம் முடிந்து போடப்போகும் தட்டம்மை ரூபெல்லா ஊசியும் உயிருள்ள, ஆனால் வீரியம் குறைக்கப்பட்ட கிருமிகளால் ஆனவை. பி.சி.ஜி.க்கான கிருமியைக் கால்மெட், கெரான் என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்கள் 13 ஆண்டுகள் மீண்டும் மீண்டும் வளர்த்து வலுவிழக்கச் செய்தார்கள். 1921-இல் அது முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. அந்தக் கிருமி தோலில் மெல்லப் பெருகுவதும் உடல் அதை எதிர்கொள்வதும்தான் நீங்கள் பார்க்கும் கொப்புளம். மருந்து எதுவும் தடவாமல் விட்டுவிடுங்கள், தழும்பாக ஆறிவிடும்.

இடது தொடையில் போட்ட பென்டா ஊசியில் உயிருள்ள கிருமி ஒன்றுகூட இல்லை. அந்த அரை மில்லி மருந்துக்குள் ஐந்து நோய்களுக்கான, நான்கு விதமாகத் தயாரித்த தடுப்பூசிகள் அடங்கியிருக்கின்றன என்பதை நான் பணியில் சேர்ந்த பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் முழுமையாக உணர்ந்தேன். கக்குவான் இருமலுக்கு, கொல்லப்பட்ட முழு நுண்ணுயிரி. தொண்டை அடைப்பானுக்கும் ரண ஜன்னிக்கும், அந்தந்தக் கிருமி சுரக்கும் நஞ்சை எடுத்து, அதன் கொடுமையை மட்டும் நீக்கிய மருந்து. மஞ்சள் காமாலை பி-க்கு, வைரஸின் மேலுறைப் புரதம் மட்டும். அதையும் ஈஸ்ட்டில் உற்பத்தி செய்கிறார்கள். மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் உண்டாக்கும் ஹிப் கிருமிக்கு, அதன் மேலுறையிலுள்ள சர்க்கரைப் பொருள். கைக்குழந்தையின் உடல் வெறும் சர்க்கரையைப் பகையென்று அடையாளம் காணாது என்பதால் அதை ஒரு புரதத்தோடு பிணைத்துத் தருகிறார்கள். வலது தொடையில் போட்ட நிமோனியா ஊசியும் இந்த வகைதான். காய்ச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் அந்த முழுக் கக்குவான் நுண்ணுயிரி.

உயிரற்றவை உடலில் பெருகுவதில்லை. ஒரு முறை காட்டினால் உடல் நெடுநாள் நினைவில் வைத்திருக்காது என்பதால்தான் பென்டாவுக்கு 6, 10, 14 வாரங்களில் மூன்று தவணைகளும் பிறகு ஊக்கத் தவணைகளும் தேவைப்படுகின்றன.

குன்னூர்வாசி:
கொல்லப்பட்ட கிருமி வகைக்கு எங்கள் ஊரே சாட்சி. 1907-இல் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனம் இங்கிருப்பதால், நாய் கடித்தவர்கள் பிற ஊர்களிலிருந்தும் மலையேறி வந்தார்கள். ஆட்டு மூளையில் வளர்த்துச் செயலிழக்கச் செய்த மருந்தைத் தொப்புளைச் சுற்றிப் 14 ஊசிகளாக என் தாத்தா போட்டுக்கொண்டார். அந்த வலியைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இன்று செல் வளர்ப்பில் தயாராகும் மருந்து கையில்தான் போடப்படுகிறது. கடித்த பின்பு போட்டாலும் பலன் தருவதற்குக் காரணம், வெறிநாய்க்கடி நோயின் வைரஸ் நரம்பின் வழியே மெதுவாக மூளையை நோக்கி நகர்வதுதான். ஆழமான கடிக்குக் காயத்தைச் சுற்றிப் போடும் சீரம் தடுப்பூசி அன்று. அது ஆயத்தமான எதிர்ப்புப் புரதம், தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும்வரை காக்கிறது.

கோத்தகிரித் தாய்:
இருவருக்கும் மிக்க நன்றி. என் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன், பி.சி.ஜி. கொப்புளத்தில் மஞ்சள் பூசுவதை நிறுத்திவிட்டார். இன்னும் ஓர் ஐயம். உறைபனி விழும் ஊரில் தடுப்பூசிகள் கெடாமல் இருக்கும் என்று எண்ணியிருந்தேன். அது சரிதானா?

ஓய்வுபெற்ற செவிலியர், கூடலூர்:
இல்லை. இதைப் பலரும் தவறாகவே நினைக்கிறார்கள். பென்டாவில் அலுமினிய உப்பு சேர்த்திருக்கிறார்கள்; மருந்தைத் தாங்கி நின்று உடலின் கவனத்தை ஈர்ப்பது அதுதான். உறைந்தால் அது திரிந்து கட்டியாகிவிடும். மீண்டும் உருகினாலும் வீரியம் திரும்பாது. சொட்டு மருந்துக்கு வெப்பம் பகை, பென்டாவுக்கு உறைபனி பகை. ஆகவேதான் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கிறோம். பெட்டியில் அடுக்கும் ஐஸ் பொதிகளைக்கூட, உள்ளே நீர் சலசலக்கும்வரை வெளியே வைத்திருந்து பிறகே வைப்போம். ஐயம் வந்தால் குப்பியைக் குலுக்கி வைத்துப் பார்ப்போம். உறைந்து கெட்ட மருந்து துகளாகி விரைவில் அடியில் படியும், நல்லது நெடுநேரம் பால்போல் கலங்கியே நிற்கும். அடுத்த தவணைக்குச் செல்லும்போது இம்முறை காய்ச்சல் வந்ததை உங்கள் செவிலியரிடம் மறவாமல் சொல்லுங்கள்.