டீபக்கருக்கு வழுநீக்கி சரியா? வெள்ளிக்குள் அச்சுக்குப் போக வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

சனிக்கிழமை பிளஸ் டூ மாணவர்களுக்குப் பைத்தான் நிரல்மொழிப் பயிற்சி. நிரலில் தப்பு எங்கே என்று தேட உதவும் சின்னக் கருவிகளைப் பற்றி நான்கு பக்கக் கையேடு தயாரிக்கிறேன். மூன்று ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடி முட்டி நிற்கிறேன்: டீபக்கர் (ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் கருவி), பிரேக்பாயிண்ட் (அப்படி நிறுத்தும் இடம்), டிரேஸ்பேக் (பிழை வந்ததும் எந்த வரி எதை அழைத்தது என்று காட்டும் பட்டியல்). இப்போதைக்கு வழுநீக்கி, முறிவுப்புள்ளி, பின்தடம் என்று போட்டிருக்கிறேன்.

போன வாரம் ஒரு மாணவி இரண்டு மதிப்பெண்களை வாங்கிக் கூட்டும் நிரல் எழுதினாள். 45, 40 கொடுத்தாள், விடை 4540. பிரிண்ட் போட்டுப் பார்த்தாள், அதே 4540. அப்புறம் கூட்டும் வரிக்கு அடுத்து பிரேக்பாயிண்ட் வைத்தோம். பைத்தானோடு வரும் டீபக்கரான பிடிபி வந்து நின்றதும் 'பி மொத்தம்' (மொத்தம் என்ற மாறியின் மதிப்பைக் காட்டு) என்று அடித்தோம். இம்முறை '4540' என்று மேற்கோள் குறிகளோடு வந்தது. "மிஸ், இது எண்ணே இல்லை, எழுத்து!" என்றாள். இன்புட் தருவது சரம், அதாவது எழுத்துத் தொடர், என்று படித்ததுதான், அன்றுதான் கண்ணால் பார்த்தாள். உடனே கேட்டாள்: "இது எதையும் நீக்கலையே, ஏன் வழுநீக்கி?" எனக்குப் பதில் வரவில்லை.

— ம.

அம்மா, நல்ல மாணவி.

'வழு'வில் கை வைக்காதீர்கள். திணை, பால், இடம், பொழுது, வினா, இறை, மரபு என்று நன்னூல் வழுவை ஏழாகப் பிரித்து வைத்திருக்கிறது. வழு, வழுவு, வழுக்கு, வழுக்கல், இளநீர் வழுக்கை எல்லாம் ஒரு வேர் என்பது என் எண்ணம். நழுவலையும் அதன் பக்கத்தில் வைப்பேன். பிடி நழுவுவதுதான் வழு. பிழை வேறு. இயந்திரமே கத்திச் சொல்வது பிழை, உங்கள் 4540 போலச் சத்தமில்லாமல் வழுக்கிப் போவது வழு.

வழுவமைதியும் நமக்கு உண்டு. பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்றால் திணை வழுவியது, ஆனாலும் உவப்பினால் வந்ததால் அமைத்துக்கொள்கிறோம். தெரிந்தே காரணத்தோடு விட்டுவைக்கும் வழுவுக்கு நிரலாளர்கள் இந்தச் சொல்லை எடுத்தாள வேண்டும் என்று பல காலமாக ஆசை.

நம் சிக்கல் 'நீக்கி'யில்தான். பிடிபி மூலநிரலில் ஓர் எழுத்தையும் திருத்துவதில்லை. "நோய்நாடி நோய்முதல் நாடி" என்றார் வள்ளுவர். நாடுவது முதலில், தணிப்பது அப்புறம். எனவே வழுநாடி.

— செ.

> எனவே வழுநாடி

ஐயா, மன்னிக்கவும், ஏற்க முடியவில்லை. கட்டற்ற மென்பொருள் தமிழாக்கங்களில் வழுநீக்கி ஏற்கெனவே புழங்குகிறது. மாணவர் தேடினால் கிடைக்கும் சொல் அதுதான். நாடி என்றால் பாதிப் பேருக்குக் கைநாடி, மீதிப் பேருக்கு நாடி சோதிடம். நகவெட்டி தானாகவா நகத்தை வெட்டுகிறது? நம் கைதான் வெட்டுகிறது, கருவிக்குப் பெயர் போகிறது. அதே முறையில் வழுநீக்கி சரியே.

ம. அவர்களுக்கு ஒன்று: பிரிண்டைக் கைவிட வேண்டாம். பைத்தான் 3.8 முதல் எஃப்-சரத்தின் (மாறியின் மதிப்பை உள்ளே சேர்த்து எழுதும் சரம்) அடைப்புக்குள் மாறியின் பெயரை அடுத்துச் சமக்குறி போட்டால் மொத்தம்='4540' என்று பெயரும் மேற்கோளும் சேர்ந்தே வரும். பிடிபிக்குள் போகாமலே உங்கள் மாணவி கண்டுபிடித்திருப்பாள்.

— அ.

நகவெட்டியில் வெட்டும் அலகு இருக்கிறது, தம்பி. பிடிபியில் அலகு எங்கே?

— செ.

வழுகாட்டி என்று வைக்கலாமா? செ. ஐயாவின் கவலையும் தீரும்.

— இரா.

வேண்டாம். அச்சில் எல்லாரும் வழிகாட்டி என்றே வாசிப்பார்கள், மெய்ப்புப் பார்ப்பவர் உட்பட. வழுவைக் குறிக்கும் ஆங்கில 'பக்' என்பதை நேரே பூச்சி என்பாரும் உண்டு. 1947இல் ஹார்வர்டு மார்க் 2 கணினியில் அந்துப்பூச்சி அகப்பட்ட கதையைச் சொல்வார்கள். ஆனால் 1878லேயே எடிசன் தம் கடிதத்தில் பொறிகளின் கோளாறுக்கு அந்தச் சொல்லை எழுதிவிட்டார். பூச்சிநீக்கி என்றால் உரக்கடை நினைவுதான் வரும்.

— அ.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். ஒருவரும் முறிவுப்புள்ளியைத் தொடவில்லையே. முறிவு என்றால் எலும்பு முறிவு. இங்கே ஒன்றும் முறியவில்லை. நிரல் நிற்கிறது, 'சி' அடித்தால் தொடர்ந்து ஓடுகிறது. 2018இல் பைத்தான் 3.7இல் பிரேக்பாயிண்ட் கட்டளை வரும்வரை இந்த இடத்தில் பிடிபியின் செட் டிரேஸ் என்றுதானே எழுதினோம், அந்தப் பெயரில் முறிவே இல்லை. எங்கட பக்கம் பஸ் நிற்கும் இடம் தரிப்பிடம். தரிப்பு என்று வைத்தால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும்.

— வ.

அக்கா, சொல் அழகு. ஆனால் இங்கே தரிப்பு என்றால் கருத்தரிப்பு. அதே பஸ்ஸை வைத்து நிறுத்தம் என்போமா? புள்ளி வேண்டாம், முற்றுப்புள்ளியோடு குழம்பும்.

— அ.

உங்கட பிள்ளைகளுக்கு நிறுத்தம் சரி. எங்கட பதிப்பில் தரிப்பு என்றே போடுவேன்.

— வ.

எல்லாருக்கும் நன்றி. மணி பதினொன்று, நாளை காலை அச்சகம்.

பிரேக்பாயிண்டுக்கு நிறுத்தம். டிரேஸ்பேக்குக்குத் தடம் மட்டும். அதில் கடைசியாக அழைத்தது கீழே வருவதால் கீழிருந்து வாசிக்க வேண்டும், 'பின்' என்றால் பிள்ளைகள் மேலிருந்து தொடங்கிவிடுவார்கள். டீபக்கருக்கு வழுநீக்கி. அ. அதையே சொன்னார், புழக்கத்திலும் இருக்கிறது. செ. ஐயா சொன்னதும் மனத்தில் நிற்பதால், முதல் பக்கத்தில் "இது வழுவைக் காட்டும், நீக்குவது நீங்கள்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

— ம.

வரியைச் சேர்த்ததற்கு நன்றி, அம்மா. அந்த வரி தேவைப்படுகிறது என்றாலே சொல் பொருந்தவில்லை என்றுதானே பொருள்? வழுநாடியை நான் விடவில்லை. அடுத்த பதிப்பின்போது மீண்டும் எழுதுவேன். சனிக்கிழமை அந்த மாணவியிடம் இரண்டு சொல்லையும் சொல்லி, எது பிடிக்கிறது என்று கேட்டு எழுதுங்கள்.

— செ.